பொதிகை மலையின் கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு என்று ஆற்றுப்பாறை வெளியே தெரிகிற இடங்களுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லைக் காட்டுவது எனக்குப் பல வருடப் பழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், குவாரியில் வேலை பார்த்த பெரியவர்கள் வருவார்கள், வீடு கட்டுகிறவர்கள் சமையல் மேடைக்குக் கல் எடுக்கிற சாக்கில் வருவார்கள். யார் வந்தாலும் பேச்சு ஒரே பத்துப் பன்னிரண்டு கேள்விகளில்தான் வந்து நிற்கிறது: பூமிக்குள்ளே கல் எப்படி நழுவுகிறது, எப்படி உருகுகிறது, இரண்டும் சேர்ந்து மலையை என்ன செய்கின்றன. திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஷியர் ஜோன், ஷியர் ஜோன் என்கிறீர்களே, அது என்ன? பூகம்பம் வருகிற பிளவும் அதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஆனால் ஒன்று கிடையாது. பூமியின் மேலோட்டில் மேல்பகுதி குளிர்ந்து கிடக்கிறது. அங்கே பாறையை அழுத்தித் தள்ளினால் அது உடையும், உடைந்த இடத்தில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை உரசிக்கொண்டு நகரும். அதுதான் பிளவு. கீழே போகப் போகச் சூடு ஏறும், பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி. 10, 15 கிலோமீட்டர் ஆழத்தில் 300 டிகிரியைத் தாண்டியதும் குவார்ட்ஸ், அதாவது நாம் வெங்கச்சங்கல் என்று சொல்கிற அந்த வெள்ளைக் கல், உடைவதை விட்டுவிட்டு இழுபட ஆரம்பிக்கும். 450 டிகிரி பக்கம், கல்லில் இருக்கிற இன்னொரு கனிமமான ஃபெல்ட்ஸ்பாரும் அதே வழிக்கு வந்துவிடும். கல் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது, உருகவில்லை, ஆனாலும் இழுபடுகிறது. அந்த ஆழத்தில் நகர்வு ஒரு கோட்டோடு நிற்காது. சில மீட்டரிலிருந்து பல கிலோமீட்டர் வரை அகலமான ஒரு பட்டை முழுவதும் இழுபட்டு நழுவும். அந்தப் பட்டைதான் ஷியர் ஜோன். பாடப்புத்தகத் தமிழில் சறுக்குப் பெயர்ச்சி மண்டலம் என்று வரும், பேச்சில் ஷியர் ஜோன் என்பதே நிலைத்துவிட்டது.

வீட்டிலேயே பார்க்கலாம். கொழுக்கட்டை மாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், மாவுக்குள் ஒரு முழு நிலக்கடலையைப் புதைத்துவிடுங்கள், ஒரு கையை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மெதுவாகத் தேயுங்கள். மாவு நீளும், தகடு தகடாகும். கடலை மட்டும் நீளாமல் உருளும், அதன் இரண்டு பக்கமும் மாவு வால் மாதிரி இழுபட்டு நிற்கும். ஒரு வால் மேலே, ஒரு வால் கீழே. பாறையிலும் அச்சாக இப்படியே இருக்கும்: பெரிய ஃபெல்ட்ஸ்பார் மணி, இரண்டு பக்கமும் வால், பார்க்கக் கண் மாதிரி. அந்த வால் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்துத்தான் பல கோடி ஆண்டுகளுக்கு முன் எந்தக் கை முன்னால் போனது, எந்தக் கை பின்னால் வந்தது என்று சொல்கிறோம்.

இப்படி இழுபட்டு மணி பொடிந்த பாறைக்கு மைலோனைட் என்று பெயர். ஸ்காட்லாந்தில் வேலை பார்த்த சார்லஸ் லாப்வொர்த் 1885-இல் வைத்த பெயர் அது. கிரேக்க மொழியில் அரைக்கும் இயந்திரம், நம் ஊர்த் திருகை, என்ற சொல்லிலிருந்து எடுத்தார். கல் அரைபட்டுப் பொடியானது என்று அவர் நினைத்தார். பிற்பாடு நுண்ணோக்கியில் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. பழைய பெரிய படிகங்கள் சூட்டிலும் அழுத்தத்திலும் தங்களைத் தாங்களே சிறுசிறு புதுப் படிகங்களாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. பெயர் மட்டும் மாறவில்லை.

நம்ம பக்கம் அப்படி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் பெரியது. அச்சன்கோவில் ஷியர் ஜோன். கேரளப் பக்கம் வடமேற்கில் தொடங்கி, அச்சன்கோவில் வழியாக மலையைக் கடந்து, செங்கோட்டை, தென்காசி பக்கம் இறங்கித் தென்கிழக்காக நம் சமவெளிக்குள் வருகிறது. அகலம் 10 முதல் 20 கிலோமீட்டர். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைப் பாருங்கள், யாரும் சொல்லித்தர வேண்டாம், அந்தக் கோடு தானாகத் தெரியும். அச்சன்கோவில் ஆறு ஓடுகிற நேர்ப் பள்ளத்தாக்கே அதுதான்.

செங்கோட்டைக் கணவாயும் இந்தக் கோட்டோடு பொருந்தி வருகிறது. தகடு தகடாக இழுபட்ட பாறை மழைக்கும் ஆற்றுக்கும் சீக்கிரம் இடம் கொடுக்கும். இடம் கொடுத்த வழியில்தான் 1904-இல் கொல்லம் ரயில் மலையைக் கடந்தது. ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிற காற்றும் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. சீசனுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் முகத்தில் அடிக்கிற சாரலுக்கும் தரைக்கடியில் இருக்கிற கல்லுக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்த பிறகு அவர்கள் மலையைப் பார்க்கிற பார்வையே மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பட்டைக்கு வடக்கே இருப்பதை மதுரைப் பாளம் என்றும், தெற்கே இருப்பதைத் திருவனந்தபுரம் பாளம் என்றும் சொல்வார்கள். பட்டை வலப்பக்கமாக நழுவியதா, இடப்பக்கமாக நழுவியதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட முறை, வேறு வேறு திசையில் நழுவியிருந்தால் இரண்டு வகை வாலும் ஒரே பாறையில் கிடைக்கும், குழப்பம் வருவது இயல்புதான். கடலுக்கு அப்பால் மடகாஸ்கரில் ரனோட்சாரா என்றொரு ஷியர் ஜோன் இருக்கிறது, அதுவும் இதுவும் ஒரு காலத்தில் ஒரே கோடாக இருந்தன என்கிறவர்களும் உண்டு.

எரிமலையே இல்லாத ஊரில் கல் எப்படி உருகும்?

உருகல் என்றதும் எல்லோர் மனத்திலும் எரிமலைக் குழம்புதான் வருகிறது. இது வேறு. இது நின்ற இடத்திலேயே, 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில், சத்தமில்லாமல், கொஞ்சமே கொஞ்சமாக உருகுவது.

குச்சி ஐஸ் சாப்பிட்டிருப்பீர்கள். உறிஞ்ச உறிஞ்ச நிறமும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிடும், கையில் மிஞ்சுவது வெறும் வெள்ளைப் பனிக்கட்டி. ஐஸ் முழுவதும் ஒன்றுபோல உருகவில்லை, இனிப்புத் தண்ணீர் முதலில் உருகிப் பிரிந்து வந்தது. கல்லும் அப்படியே. பல கனிமங்களின் கலவைதானே கல். சூடு ஏறும்போது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் காக்காப்பொன்னும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிற ஓரங்களில் முதலில் ஈரம் கசிந்தது போல உருகத் தொடங்கும். அந்தக் கசிவின் சேர்மானம் ஏறக்குறைய கிரானைட்டினுடையது. மிச்சம் கருமையான, கனமான கல்லாக நின்றுவிடும்.

எத்தனை டிகிரி என்றால், தண்ணீர் கூட இருந்தால் 650 டிகிரியிலேயே தொடங்கிவிடும். ஆழத்தில் தனித் தண்ணீர் ஏது? அங்கேதான் காக்காப்பொன் வருகிறது. தகடு தகடாகப் பளபளக்கும் அந்தக் கனிமம் தன் கட்டமைப்புக்குள்ளேயே தண்ணீரைக் கட்டி வைத்திருக்கிறது. வெள்ளைக் காக்காப்பொன் 700 டிகிரியை ஒட்டிக் குலையும், கருப்புக் காக்காப்பொன்னான பயோடைட் 800, 850 வரை தாக்குப்பிடிக்கும். குலையும்போது தண்ணீர் வெளியே வரும், வந்த தண்ணீர் பக்கத்திலிருக்கிற குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் உருக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வியாக வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்டங்கள் மோதும்போது மேலோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரட்டிப்பாகிறது. வழக்கமாக 35 கிலோமீட்டர் இருக்க வேண்டியது 70 ஆகிறது. மேலோட்டுப் பாறையில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு, அவை கதிரியக்கத்தால் மெல்லச் சூடு விட்டுக்கொண்டே இருக்கும். மெல்லிய போர்வையில் அந்தச் சூடு மேலே போய்விடும், கனத்த போர்வையில் உள்ளேயே தங்கும். ஆனால் கல் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துகிறது, எனவே மோதிய உடனே உருகல் வராது. 2, 3 கோடி ஆண்டு ஆகும். உமி மூட்டத்தில் வைத்த அடுப்பு மாதிரி.

கொஞ்சம்தான் உருகுகிறது என்றால் மலைக்கு அதனால் என்ன ஆகிவிடப் போகிறது?

நிறைய ஆகிறது. மொத்தக் கல்லில் 7 சதவீதம் உருகினாலே போதும், படிக ஓரங்களில் இருக்கிற கசிவுகள் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு வலைபோல ஆகிவிடும், அதற்கு மேல் கல்லின் பலம் சட்டென்று சரியும். 93 பங்கு இன்னும் கெட்டிக் கல்தான். ஆனால் அந்த 93 பங்கும் வழுக்குகிற ஒரு சவ்வின்மேல் உட்கார்ந்திருக்கிறது. களத்தில் குவித்த நெல் மேட்டை நினைத்துப் பாருங்கள், நெல் ஒவ்வொன்றும் கெட்டிதான், குவியல் சரிகிறது அல்லவா.

முதலில் நழுவி அதனால் உருகியதா, உருகியதால் நழுவியதா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, பதில் நீளும்.

திருநெல்வேலி அல்வா கிண்டுகிற இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சம்பாக் கோதுமைப் பால், சர்க்கரை, நெய். ஊற்றுகிற நெய்யையெல்லாம் முதலில் மாவு குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பதத்தில், கரண்டியை இழுக்க இழுக்க, அல்வாவின் மடிப்புகளுக்கு நடுவில் நெய் கோடு கோடாக ஊறி வரும், அப்புறம் உருளியின் ஓரத்தில் தேங்கும். கிண்டாமல் சும்மா அடுப்பில் வைத்திருந்தால் அந்தளவு பிரிந்து வராது. இழுவைதான் நெய்யைப் பிழிந்து எடுக்கிறது, பிரிந்த நெய்தான் அல்வாவைக் கரண்டிக்கு வழுக்கிக்கொடுக்க வைக்கிறது.

பூமிக்குள்ளும் இரண்டும் ஒன்றையொன்று தூண்டுகின்றன. சிறிது உருகிய இடம் பலவீனமாகிறது, எனவே நகர்வு அங்கே போய்க் குவிகிறது. நகர்வு குவிந்த இடத்தில் பாறை தகடாகிறது, தகடுகளுக்கு நடுவில் உருகியது ஊறி ஓடுகிறது, அழுத்தம் குறைவான மடிப்புகளிலும் இடுக்குகளிலும் சேர்கிறது. ஆய்வகத்தில் பாதி உருகிய கல்லை அமுக்கித் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள், உருகல் ஒரே சீராகப் பரவி நிற்காமல் நழுவும் திசைக்கு 20 டிகிரி சாய்வில் பட்டை பட்டையாகச் சேர்ந்துவிடுகிறது. அப்படிச் சேர்ந்த பிறகு ஷியர் ஜோன் ஒரு வடிகால் ஆகிறது. உருகல் அதன் வழியாக மேலே ஏறி, ஆழம் குறைந்த இடத்தில் தேங்கிக் குளிர்ந்து கிரானைட் ஆகிறது.

இனிமேல் வருவது பலர் கவனிக்காமல் விடுகிற பகுதி. உருகல் வடிந்துபோனபின் கீழே மிஞ்சிய கல் என்ன ஆகிறது? அதில் தண்ணீர் இல்லை, சுலபமாக உருகக்கூடிய எதுவும் இல்லை. திரும்ப அதே சூட்டுக்குக் கொண்டுபோனாலும் அசையாது. பிழிந்த கரும்புச் சக்கையை மறுபடி ஆலையில் கொடுத்தால் என்ன வரும்? இப்படி வடிந்து வறண்ட பாறைகளுக்கு கிரானுலைட் என்று பெயர், பூமியில் உள்ள உறுதியான கற்களில் அவையும் சேர்த்தி. பொதிகை மலையில் நாம் மிதித்து நடக்கிற கல்லில் பெரும்பங்கு இந்த இனம். அந்த மலை இவ்வளவு மழையைத் தாங்கிக்கொண்டு 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிறதென்றால், 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் கல்லிலிருந்து உருகக்கூடியதெல்லாம் உருகி வடிந்துபோனதும் அதற்கு ஒரு காரணம்.

இமயமலையிலும் இப்படித்தானா?

இமயமலையில் இது கிட்டத்தட்ட இன்றைய செய்தி, நம் ஊரில் பழைய ஏடு.

இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டு ஆகிறது. இன்னும் ஆண்டுக்கு 4, 5 சென்டிமீட்டர் வீதம் வடக்கே தள்ளிக்கொண்டிருக்கிறது. திபெத்துக்குக் கீழே மேலோடு 70 கிலோமீட்டர் தடிமன். 1990-களில் அங்கே நில அதிர்வு அலைகளை அனுப்பிப் பார்த்தபோது 15, 20 கிலோமீட்டர் ஆழத்தில் அலைகள் பளிச்சென்று திரும்பிய இடங்கள் இருந்தன, அங்கே பாறை ஓரளவு உருகி நிற்கிறது என்று 1996-இல் எழுதினார்கள்.

இமயத்தின் உயரமான சிகரங்கள் நிற்கிற பாளத்துக்கு அடியில் ஒரு பெரிய ஷியர் ஜோன், மேலே ஒன்று. அடியில் உள்ளது மத்திய பெரும் உந்துப் பிளவு, அது பாளத்தைத் தெற்கே மேலேற்றித் தள்ளியது. மேலே உள்ளது தென்திபெத் பிரிவு, அங்கே மேல்பகுதி வடக்கே சரிந்தது. நடுவில் மாட்டிய பாறை சூடாகி, ஓரளவு உருகி, இரண்டுக்கும் இடையில் தெற்கு நோக்கிப் பிதுங்கி வந்தது. முறுக்கு உரலில் மாவு வருகிற மாதிரி. 2001-இல் இதைக் கணினி மாதிரியாகச் செய்து காட்டினார்கள். மழை அதிகம் கொட்டித் தெற்குச் சரிவு அரிக்கப்படுகிற இடத்தில் பிதுங்கல் வேகமாகிறது என்பது அந்த மாதிரியில் எனக்குப் பிடித்த விஷயம், ஏனென்றால் தென்மேற்குப் பருவமழைக்கும் 20 கிலோமீட்டர் ஆழத்துக் கல்லுக்கும் முடிச்சுப் போடுகிறது அது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருத்து என்று சொல்ல முடியாது. அடுக்கடுக்காக ஆப்புபோல ஏறி வந்தாலே போதும், பிதுங்க வேண்டியதில்லை என்கிறவர்களும் வலுவாகவே பேசுகிறார்கள்.

உருகியது எங்கே போனது என்று கேட்டால், மனாஸ்லு, மகாலு போன்ற சிகரங்களில் வெளிர் கிரானைட்டாக நிற்கிறது. வயது பெரும்பாலும் 1.5 கோடியிலிருந்து 2.5 கோடி ஆண்டு. மோதலுக்கும் உருகலுக்கும் இடையில் 2, 3 கோடி ஆண்டு என்று மேலே சொன்னேன், கணக்குச் சரியாக வருகிறது பாருங்கள். எவரெஸ்ட் உச்சியில் கடல் சுண்ணாம்புக்கல், பக்கத்து நுப்ட்சே சுவரில் அந்த வெளிர் கிரானைட் பட்டைகள்.

அப்படியென்றால் பொதிகையும் ஒரு காலத்தில் இமயமலை போல இருந்ததா?

மலை வேறு, மலையின் கல் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எல்லாம் குழம்பும்.

கல் பழையது. 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா எல்லாம் ஒன்றோடொன்று முட்டிச் சேர்ந்து கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் உருவானது. அந்த மோதலில் எழுந்த மலைத்தொடர் ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் முழுக்க நீண்டது. நம் பாறைகள் அந்த மலைத்தொடரின் வேர்ப்பகுதியில், 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில், 850, 900 டிகிரிச் சூட்டில் வெந்துகொண்டிருந்தவை. இலங்கையின் கண்டி மலைநாட்டிலும் இதே சமையல்தான். அந்தப் பழைய மலைகள் அரித்து அரித்து இல்லாமலே போய்விட்டன. வேர் மட்டும் மேலே வந்திருக்கிறது.

இன்று மேற்கே சுவர் மாதிரித் தெரிகிற மலை புதியது. 9 கோடி ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக, மடகாஸ்கர் நம் மேற்குக் கரையைவிட்டுப் பிரிந்தபோது ஓரம் நிமிர்ந்தது, பின்னர் மழையும் ஆறும் செதுக்கின. ஆக, தாமிரபரணி இறங்கி வருகிற மலை, அதற்கு முன்பே காணாமல்போன இன்னொரு மலையின் அடித்தளத்தில் வெட்டப்பட்டது.

அந்த மோதலுக்கு முன் இங்கே என்ன இருந்தது என்பதற்கும் தடயம் உண்டு. தாழையூத்தில் சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லை உடைத்துப் பார்த்தால் உள்ளே சர்க்கரை மாதிரி மினுமினுக்கும், சிப்பியோ சங்கோ தெரியாது. கடலடியில் படிந்த சுண்ணாம்பு ஆழத்துக்குப் போய் வெந்து படிகமாகி வந்தது அது.

55 கோடி ஆண்டு என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

சிர்கான் என்ற கனிமத்தை வைத்து. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம் இருக்கும். உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்ட விடாது. யுரேனியம் தெரிந்த வேகத்தில் ஈயமாக மாறும், யுரேனியம் 238-இல் பாதி மாற 447 கோடி ஆண்டு. எனவே உள்ளே எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம் என்று அளந்தால் வயது வந்துவிடும். சிர்கான் மரத்தைப் போல வளையம் விடும் என்பது இன்னும் அருமை. நம் பக்கத்துச் சிர்கான் பலவற்றில் நடுவில் பழைய கரு, சில 200 கோடி ஆண்டை ஒட்டியவை, சுற்றி உருகலின்போது வளர்ந்த புது வளையம் 55 கோடி. ஒரே மணலளவுப் படிகத்தில் இரண்டு பிறந்த நாள். மோனசைட் என்ற இன்னொரு கனிமமும் இதே வேலைக்கு உதவும், அதில் தோரியம் அதிகம்.

உவரிக் கடற்கரையில் சிவப்பும் கருப்புமாக மணல் கிடக்கிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. கருப்பு இல்மனைட், இளஞ்சிவப்பு கார்னெட். கருப்புக் காக்காப்பொன் ஆழத்தில் குலைந்து உருகும்போது, உருகலோடு சேர்ந்து ஓடாமல் கெட்டியாகப் பின்தங்கும் கனிமங்களில் கார்னெட் முக்கியமானது. இரும்பும் மக்னீசியமும் அதில் போய் அடைகின்றன. ஆகவே நம் மலைக் கல்லில் செம்மணி செம்மணியாக கார்னெட் இருந்தால், அந்த இடத்தில் ஒரு காலத்தில் கல் உருகியது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். மழையில் மலை கரையும்போது மற்றவற்றில் பல களிமண்ணாகிவிடும், கார்னெட் கரையாமல் ஆற்றோடு வந்து கடலில் சேரும், அலை அதைக் கனத்தால் பிரித்துக் கரையில் ஒதுக்கும். உவரியிலோ கூடுதாழையிலோ ஈர மணலை ஒரு கை அள்ளி வெயிலில் பிடித்துப் பாருங்கள். செம்பருத்திச் சாறு கலந்த கண்ணாடித் தூள் போல இருக்கும். தேரிக்காட்டுச் செம்மண்ணின் நிறம் மணிகள் மேல் படிந்த இரும்புத் துருவால் வருவது, அது வேறு கதை.

எங்கள் வீட்டுச் சமையல் மேடை கிரானைட்தானே? அதில் இதெல்லாம் தெரியுமா?

கடையில் கிரானைட் என்று விற்பதில் பாதி கிரானைட் கிடையாது. வழவழப்பாக மெருகேறுகிற எந்தக் கடினக் கல்லுக்கும் வியாபாரத்தில் அந்தப் பெயர்தான். தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்துகொண்டால் மேடையைத் துடைக்கும்போது பார்க்க நிறைய இருக்கிறது. காஷ்மீர் ஒயிட் என்று விற்பது காஷ்மீரிலிருந்து வரவில்லை, தமிழ்நாட்டில் வெட்டியது. வெள்ளைப் பரப்பில் தெறித்த மாதிரிச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும், அவ்வளவும் கார்னெட். பாரடைசோ என்று விற்பதில் வெளிர் பட்டையும் கருஞ்சிவப்புப் பட்டையும் வளைந்து வளைந்து ஓடும். வெளிர் பட்டை உருகிப் பிரிந்தது, கரும்பட்டை பின்தங்கியது. இப்படி இரண்டும் கலந்து நிற்கிற பாறைக்கு மிக்மடைட் என்று பெயர். பாறை அன்று இழுபட்ட விதம் முழுக்க அந்த வளைவுகளில் இருக்கிறது.

பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவிய மாதிரி மினுக்கோடு இருந்தால் சார்னோகைட். 1893-இல் தாமஸ் ஹாலண்ட் பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்த வகை, அந்தக் கல் போனது சென்னைப் பக்கத்திலிருந்து.

இவ்வளவு பெரிய ஷியர் ஜோன் மேல் உட்கார்ந்திருக்கிறோம், பூகம்பம் வருமா?

இமயமலைப் பக்கம் பயப்படுவதைப் போலப் பயப்பட வேண்டியதில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும் எல்லை, இது 50 கோடி ஆண்டுக்கு முன் ஓய்ந்த தழும்பு. ஆனால் பழைய தழும்புகள் பலவீனமான இடங்கள்தான், தட்டுக்குள் அழுத்தம் கூடும்போது எப்போதாவது அசையும். 1900-இல் கோயம்புத்தூரில் 6 அளவுக்கு நிலநடுக்கம் வந்தது, அதுவும் பாலக்காட்டுக் கணவாய் என்ற பழைய ஷியர் ஜோன் பக்கம்தான். வீட்டை விதிப்படி கட்டுங்கள், கம்பியில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இப்போதும் நம் காலுக்கடியில் உருகிக்கொண்டிருக்கிறதா?

இல்லை. மேலோடு குளிர்ந்து நெடுங்காலம் ஆகிறது.

எங்கே போய்ப் பார்க்கலாம்? எப்படிப் பார்ப்பது?

பங்குனி, சித்திரையில் போங்கள், ஆற்றில் தண்ணீர் குறைந்து பாறை வெளியே வந்திருக்கும். பாபநாசம் படித்துறைக்கு மேல்பக்கம், மணிமுத்தாறு, கொஞ்ச தூரம் போக முடிந்தால் குற்றாலம். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், அதன் எல்லைக்குள் அனுமதி வாங்காமல் போகக் கூடாது, சுத்தியல் எடுத்துப் போகவே கூடாது. தேவையும் இல்லை. ஆற்றுநீர் மெருகேற்றிய பாறையில் உடைத்த கல்லைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு பாட்டில் தண்ணீரும் பத்து மடங்கு லென்ஸும் போதும். காய்ந்த பாறையில் ஒன்றும் தெரியாது, ஒரு கை தண்ணீர் தெளித்தால் பட்டைகள் எழுந்து வரும். முதலில் பட்டைகள் ஓடுகிற திசையைப் பாருங்கள், ஒரு குச்சியை அதன் மேல் வைத்துக்கொண்டால் சுலபம். அடுத்து வெளிர் பட்டை எங்காவது தடிக்கிறதா, மடிப்பின் முனையில் தேங்கியிருக்கிறதா என்று தேடுங்கள், அது உருகல் ஓடிப்போய்ச் சேர்ந்த இடம். அதன் ஓரத்தில் பெரும்பாலும் கருப்புக் காக்காப்பொன் ஒரு கரை கட்டியிருக்கும், வேட்டிக்கு ஓரம் மாதிரி. கடைசியாகச் சிவப்பு மணிகள். லென்ஸை வைத்து அவற்றைச் சுற்றிப் பாருங்கள், ஒரு முறை மணிமுத்தாற்றில் எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை ஒரே கல்லில் இருபத்து மூன்று எண்ணினாள், அதில் நான்கில் வால் இருந்தது, நான்கு வாலும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன.